தோள் ஆபரேஷன் வலி: கழுத்தில் போடும் ஊசியும் அது விடும் ராத்திரியும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போனால் ஊர் கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ். தென்னந்தோப்பும் கள்ளும்தான் இந்தப் பக்கத்தின் அடையாளம். கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் கள்ளில் பெரும்பகுதி சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறக்கியது. கள் இறக்குகிறவர் விடிகாலையிலும் சாயங்காலமும் மரம் ஏறி, தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பாளையைத் தட்டிச் சீவுகிறார். பல வருஷம் இதையே செய்தால் தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநார்கள் நைந்துபோகும். அப்புறம் ஒருநாள் குடத்தைத் தூக்கும்போதோ பைக்கிலிருந்து விழும்போதோ கிழிந்துவிடும். ஸ்கேன் பார்த்த டாக்டர் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, தைக்கணும்" என்பார். அதற்குப் பாலக்காடு டவுனுக்குப் போகிறவர்கள் உண்டு. வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூருக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் போகிறவர்கள் உண்டு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து, "கழுத்துல ஒரு ஊசி போடுவோம், கை மரத்துப்போகும், வலி தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் கேள்விகள் ஆரம்பிக்கும். தோளில்தானே ஆபரேஷன், ஊசி எதற்குக் கழுத்தில்? கை திரும்ப வருமா? நியாயமான கேள்விகள்தான், பதிலும் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத, என் பார்வையில் இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊசி எத்தனை மணிக்கு விடும், அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? நரம்பு பிளாக் எனப்படும் இந்த ஊசி வலியை அழிப்பதில்லை, சில மணி நேரம் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த வலி பெரும்பாலும் நடுராத்திரியில் வந்து சேரும். அதற்கான ஏற்பாட்டை மதியமே செய்துவைத்தவருக்கு ஊசி வரம். செய்யாதவர் மறுநாள் காலையில் "ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை" என்றுதான் சொல்வார்.

தோள் ஆபரேஷன் ஏன் இவ்வளவு வலிக்கிறது? மூன்று நான்கு சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற ஆர்த்ராஸ்கோப்பியில் தையல் தழும்பு பெரிதாகத் தெரியாது. அதனால் வலியும் சிறியதாக இருக்கும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. எலும்பில் துளையிட்டு, திருகாணி போன்ற ஆங்கர்களைப் பதித்து, கிழிந்த தசைநாரை இழுத்துக் கட்டுகிறார்கள். மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும் எலும்பு மேல் படலத்திலும் வலி நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. போதாததற்கு ஆபரேஷன் முழுவதும் மூட்டுக்குள் பாய்ச்சும் உப்புநீரால் தோளே வீங்கியிருக்கும். முதல் இரண்டு நாள் வலி கடுமையான ஆபரேஷன்களின் வரிசையில் இதற்கு நிச்சயம் இடம் உண்டு. படுத்தால் இன்னும் கூடும்.

இனி, ஊசி ஏன் கழுத்தில் என்ற கேள்வி. கைக்கு வரும் நரம்புகள் எல்லாம் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. கழுத்தின் 5, 6, 7, 8 ஆம் நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் சேர்ந்து ஒரு பின்னலாகி, காறை எலும்புக்குக் கீழே நுழைந்து கைக்குப் போகின்றன. தோள்மூட்டுக்கு வேண்டியவை பெரும்பாலும் 5, 6 ஆம் வேர்களிலிருந்து வருபவை. கழுத்தின் பக்கவாட்டில் ஸ்கேலீன் என்ற இரண்டு தசைகளுக்கு நடுவே, தோலிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், இந்த வேர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். அங்கே மரத்துப்போகும் மருந்தைக் கொடுத்தால் தோள் முழுக்க அடங்கிவிடும். இதற்கு இன்டர்ஸ்கேலீன் பிளாக் என்று பெயர். இன்று போடுகிற முறைக்கு வடிவம் கொடுத்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஆலன் வின்னி, 1970 இல்.

கையின் நரம்புப் பின்னலை மரக்கச் செய்யும் முயற்சி அதற்கும் முந்தையது. 1884 இல் கார்ல் கோலர் கண்ணில் கோகெயின் சொட்டு விட்டு மரக்க வைத்தார். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் நரம்புகளைத் திறந்து பார்த்து நேரடியாகக் கோகெயின் போட ஆரம்பித்தார். தன்மேலேயே சோதித்துப் பார்த்ததில் அவர் அந்த மருந்துக்கே அடிமையானது தனிக்கதை. 1911 இல் ஜெர்மனியின் குலென்காம்ஃப் காறை எலும்புக்கு மேலே தோல் வழியாக ஊசி போடும் முறையைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். இந்தத் துறையின் முன்னோர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் அக்கறை கொஞ்சம் குறைவுதான்.

சரி, மருந்துக்கு வருவோம். பல் டாக்டர் போடும் லிக்னோகெயின் இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். தோளுக்குப் பயன்படுவது பூபிவகெயின் அல்லது ரோபிவகெயின். நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் நுழையும் வாசல்களை இவை அடைத்துவிடும். சோடியம் நுழையாவிட்டால் வலிச் செய்தி மேலே போகாது, அசைவுக்கான கட்டளையும் கீழே வராது. அதனால்தான் வலி போவதோடு கையும் கட்டையாகக் கிடக்கிறது. ஊசி போட்ட 15 முதல் 30 நிமிஷத்துக்குள் தோள் மரத்துவிடும். அதன்பின் மருந்தின் அளவையும் வகையையும் பொறுத்து 8 மணி நேரமோ 16 மணி நேரமோ நிற்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கூடக் கொடுத்தால் இன்னும் சில மணி நேரம் நீளும்.

இதே ஊசியால் வரும் ஒரு தொல்லையையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூச்சுக்கு முக்கியமான உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆம் வேர்களிலிருந்து பிறந்து, ஊசி போடும் இடத்துக்கு மிக அருகில் முன்பக்க ஸ்கேலீன் தசையின் மேலேயே இறங்கிப் போகிறது. மருந்து கொஞ்சம் பரவினால் அதுவும் மரத்து, அந்தப் பக்கத்து உதரவிதானம் வேலை நிறுத்தம் செய்துவிடும். 1991 இல் உர்மியும் சக மருத்துவர்களும் வழக்கமான அளவில் இந்த பிளாக் போட்டு ஸ்கேனில் பார்த்தபோது, பார்த்த அத்தனை பேருக்கும் ஒரு பக்க உதரவிதானம் நின்றுபோயிருந்தது. நுரையீரல் கொள்ளளவில் ஏறக்குறைய கால்பங்கு குறையும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது, அல்லது "மூச்சு முழுசா இழுக்க முடியல" என்ற அளவில் இருக்கும். மருந்து விட்டதும் சரியாகிவிடும். முப்பது வருஷம் பீடி குடித்தவருக்கும், ஆஸ்துமாவோடு இருப்பவருக்கும், ரொம்பப் பருமனானவருக்கும் அந்தக் கால்பங்கு பெரிய விஷயம்.

இதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, மருந்தின் அளவைக் குறைப்பது. 2008 இல் வந்த ஓர் ஆய்வில் 20 மில்லி போட்டவர்கள் அனைவருக்கும் உதரவிதானம் முடங்கியது. 5 மில்லி போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் முடங்கியது, வலி நிவாரணத்தில் குறையும் தெரியவில்லை. இன்னொன்று, இடத்தை மாற்றுவது. ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீரை மூலத்தறைத் தடுப்பணையில் அடைத்தால் வாய்க்கால் முழுக்க வற்றும். வயலுக்குப் பக்கத்திலுள்ள மடையை மட்டும் அடைத்தால் அந்த வயல் மட்டும் காயும். அதேபோல் கழுத்து வேரில் அடைக்காமல், தோளுக்குப் போகும் சுப்ராஸ்கேப்புலார் நரம்பைத் தோள்பட்டை எலும்புப் பக்கத்திலும், ஆக்ஸிலரி நரம்பைக் கைக்குப் பின்னாலும் தனித்தனியே மரக்க வைக்கலாம். தோள்மூட்டின் உணர்வில் 70 சதவீதம் அளவுக்குச் சுப்ராஸ்கேப்புலார் நரம்பின் பங்கு என்று சொல்வார்கள். மூச்சுக்குப் பாதிப்பு மிகக் குறைவு, விரல்களும் கையும் அசையும். முதல் சில மணி நேரத்தில் கழுத்து ஊசியின் அளவுக்கு வலி அடங்காது, போகப்போக வித்தியாசம் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், வேர்கள் சேர்ந்து தண்டாகும் இடத்தில் போடும் சுப்பீரியர் டிரங்க் பிளாக் என்பதும் இப்போது பரவிவருகிறது. நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் "எனக்கு இழுப்பு இருக்குங்க, மூச்சுக்குத் தொந்தரவு வராத பிளாக் போட முடியுமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

நரம்பு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முன்பெல்லாம் ஊசி நரம்பைத் தொட்டதும் கையில் ஷாக் அடித்தது போல் ஓடும், அதுதான் அடையாளம். அப்புறம் சின்ன மின்சாரம் கொடுத்துத் தோள் தசை துடிப்பதைப் பார்க்கும் கருவி வந்தது. 1990களின் நடுவிலிருந்து அல்ட்ராசவுண்டு வர, நரம்பையும் ஊசியின் முனையையும் ரத்தக்குழாயையும் திரையிலேயே பார்த்துப் போட முடிகிறது. குறைந்த அளவு மருந்து போதும் என்பதும் இதனால்தான். ஆனால் நம் நாட்டில் இதற்குள் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கக் கொண்டுவந்த 1994 ஆம் வருஷத்துச் சட்டம் எல்லா அல்ட்ராசவுண்டு மெஷின்களுக்கும் பதிவு கேட்கிறது. கழுத்து நரம்பைத் தேட வாங்குகிற மெஷினுக்கும் அதே பதிவு, அதே கெடுபிடி. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் இதைச் சமாளித்துவிடும். சின்ன டவுனில் பல ஆஸ்பத்திரிகளுக்கு ஓடி ஓடி வேலை பார்க்கும் மயக்க டாக்டர் தன் மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு போக முடியாது. அதனால் எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துப் போடுகிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊசி போடும்போது நோயாளியை முழுசாகத் தூங்க வைக்க மாட்டார்கள். பயம் தெரியாமலிருக்க லேசான மருந்து கொடுத்து, பேசிக்கொண்டே போடுவார்கள். சிலருக்கு இது பிடிக்காது, "மயக்கம் கொடுத்துட்டுப் போடக் கூடாதா" என்பார்கள். காரணம் இருக்கிறது. ஊசி நரம்புக்குள்ளேயே போய்விட்டால் சுரீரென்று வலிக்கும். அதை உடனே சொல்ல ஆள் விழித்திருக்க வேண்டும். முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்குக் கழுத்தில் ஊசி போட்டுத் தண்டுவடமே பாதிக்கப்பட்ட சில சம்பவங்கள் 2000 இல் மருத்துவ இதழில் வெளிவந்தன. அதன்பின் பெரியவர்களுக்கு இந்த ஊசியை விழிப்பில்தான் போட வேண்டும் என்ற பழக்கம் உறுதிப்பட்டது. போடும்போது உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் இவற்றில் எது வந்தாலும் சொல்லிவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் கலக்கிறது என்பதற்கு அறிகுறி அது. அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் நின்றுபோகும் அபாயமும் உண்டு. இது அபூர்வம். இந்த நஞ்சை முறிக்கக் கொழுப்புத் திரவத்தை ரத்தத்தில் ஏற்றலாம் என்று 1998 இல் வைன்பெர்க் என்ற மருத்துவர் எலிகளில் காட்டினார். 2006 இல் மனிதருக்குக் கொடுத்துப் பிழைக்க வைத்த முதல் செய்தி வந்தது. பிளாக் போடும் அறையில் அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இன்று விதி.

ஊசி பிடித்த பின்பு கண்ணாடியில் பார்த்தால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும். அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கியிருக்கும், கண் சிவந்திருக்கும், கருவிழிப் பாவை சுருங்கியிருக்கும். குரல் கரகரக்கும். பக்கவாதம் வந்துவிட்டது என்று வீட்டார் அலறிய கதைகள் வார்டில் சகஜம். கழுத்தில் பக்கத்திலிருக்கும் வேறு நரம்புகளும் கொஞ்சம் மரத்ததால் வருவது இது. பிளாக் விடும்போது இதுவும் போய்விடும். அதேபோல் கை முழுக்க மரத்திருக்க, சுண்டுவிரல் பக்கம் மட்டும் உணர்வு இருக்கும். ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு கீழ் வேர்களிலிருந்து வருவதால் மருந்து அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணி

காலை 9 மணிக்குப் போட்ட ஊசி சாயங்காலம் 5 மணிக்கும் ராத்திரி 1 மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விடலாம், பெரும்பாலும் ராத்திரியில்தான். சாயங்காலம் நோயாளி தெம்பாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பார்க்க வந்தவர்களிடம் "ஒண்ணுமே வலிக்கலைங்க, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்பார். சிஸ்டர் கொடுத்த மாத்திரை தலையணைக்கு அடியில் போய்விடும். ராத்திரி தூக்கத்தில் மருந்து விடும்போது உடம்பில் வலி மாத்திரை ஒரு பொட்டுகூட இருக்காது. பூஜ்யத்திலிருந்து பத்துக்கு ஒரே தாவல். மருத்துவர்கள் இதை ரீபவுண்டு வலி என்கிறார்கள். பிளாக் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வந்ததாக 2021 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. வயது குறைந்தவர்கள், பெண்கள், எலும்பில் வேலை நடந்தவர்கள் ஆகியோருக்கு அதிகம். டெக்ஸாமெத்தசோன் கொடுக்கப்பட்டவர்களுக்குக் குறைவு.

ஒரே ஊசியோடு நிற்கிற பிளாக்கை 24 மணி நேரம் கழித்துக் கணக்குப் பார்த்தால், ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதை வைத்து ஊசி வீண் என்று முடிவு கட்டக் கூடாது. முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வலியின் உச்சம். அதைத் தாண்ட உதவுவதும், மயக்க மருந்தும், மார்ஃபின் வகை வலி மருந்தான ஓபியாய்டும் குறைவாகச் செலவாவதும், வாந்தி இல்லாமல் எழுந்து உட்கார்வதும் சின்ன விஷயமில்லை. ஆனால் மீதி நேரத்தை மாத்திரைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் மாத்திரையை வலி வரும்முன்பே, கை இன்னும் கட்டையாக இருக்கும்போதே, மணிப்படி தொடங்க வேண்டும். தோள் தசைநார் தையலுக்கு வலி நிவாரணம் எப்படி என்று, ஆபரேஷன் வலிக்கு வழிகாட்டும் புரோஸ்பெக்ட் என்ற மருத்துவர் குழு 2019 இல் தந்த பரிந்துரையும் இதையே அடிப்படையாகக் கொண்டது: பாராசிட்டமால், அதோடு வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை, ரத்தக்குழாய் வழியே ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன், நரம்பு பிளாக். இவை போதாதபோதுதான் ஓபியாய்டு. டோலோ 650 சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதானே என்று பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். தேவைப்படும்போது ஒன்று என்று போட்டால் ஏளனம் சரிதான். டாக்டர் எழுதியபடி 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் போட்டால் அதன் பலமே வேறு. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் தாண்டக் கூடாது. ஈரல் தொல்லை உள்ளவருக்கும் குடிப்பவருக்கும் அதற்கும் கீழேதான். வீக்க மாத்திரை வகையைச் சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தைத்த தசைநார் ஒட்டுவதை இவை தாமதப்படுத்துமோ என்ற சந்தேகத்தில் சில அறுவை மருத்துவர்கள் இவற்றைச் சில நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ராத்திரி வலிக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது ஓபியாய்டு வகையைச் சேர்ந்த டிராமடால். இங்கேதான் எல்லைப் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது. 2018 ஏப்ரலிலிருந்து டிராமடால் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வருகிறது. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கொடுக்க மாட்டார்கள். கோயமுத்தூரில் டிஸ்சார்ஜ் ஆகி, "நம்ம ஊர்க் கடையில வாங்கிக்கலாம்" என்று வேலந்தாவளத்தைத் தாண்டிவிட்டால், ராத்திரி பதினோரு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் எந்தக் கடை திறந்திருக்கும், திறந்திருந்தாலும் அந்த மாத்திரை இருக்குமா? ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் வழி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கள் உணவுதான், மது இல்லை என்ற நினைப்பு நம் பக்கத்தில் உண்டு. டிராமடாலோடு கள் சேர்ந்தால் தூக்கமும் மூச்சும் ஆபத்தான அளவுக்கு மந்தமாகும். கட்டுப் பிரிக்கும்வரையாவது வேண்டாம்.

கேரளத்தில் வலி மருந்து பற்றிய பேச்சு மற்ற மாநிலங்களைவிட முன்னேறியது. 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி வளர்ந்து, 2008 இல் வலித்தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை அறிவித்த முதல் மாநிலமானது கேரளம். புற்றுநோயாளி வீட்டுக்கே மார்ஃபின் போய்ச் சேரும் ஊரில், தோள் ஆபரேஷன் செய்தவர் "ஆம்பளை, பொறுத்துக்கோ" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது எனக்கு விளங்கவே இல்லை. வலியைப் பொறுப்பதால் தையல் சீக்கிரம் ஆறாது. தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், அடுத்த நாள் பயிற்சிக்குக் கையைத் தூக்கப் பயம் வரும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டில் கூடுதலாக ஒருமுறை குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கால் எரிச்சல், மரமரப்பு இருந்தால் ஊசி போடும் முன்பே அதையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நரம்பு இந்த மருந்தால் எளிதில் பாதிப்படையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மரத்த கையோடு வீடு திரும்புவது

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்தில் இன்னும் வழக்கம். செலவு கருதியும் படுக்கை கருதியும் அதே நாள் அனுப்புவது கூடிவருகிறது. அப்படியானால் கை உங்களுடையதாகவே இருக்காது. எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரியும். காரின் கதவில் இடித்தாலும், சூடான டம்ளர் பட்டாலும், உடம்புக்கு அடியில் மாட்டி நசுங்கினாலும் தெரியாது. கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் துணிப்பையான ஆர்ம் பவுச்சைக் கழற்றவே கூடாது. முழங்கையின் உள்பக்கம் கட்டில் விளிம்பிலோ கார் கைப்பிடியிலோ அழுந்திக் கிடந்தால் அங்கே ஓடும் நரம்பு தனியாகக் காயப்படும். அப்புறம் அதன் பழி கழுத்து ஊசியின் தலையில் விழும். பள்ளம் மேடுள்ள சாலையில் பஸ் வேண்டாம், கார்தான் நல்லது, மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மல்லாந்து தட்டையாகப் படுக்காமல் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பது நல்லது. ஈஸி சேர் இருந்தால் முதல் வாரத்துக்கு அதுவே கட்டில். ஐஸ் ஒத்தடம் 15, 20 நிமிஷம், துணி சுற்றித்தான், கை மரத்திருக்கும்வரை இன்னும் கவனமாக. விரல்கள் குறுகுறுக்கத் தொடங்கினால் மருந்து விடப்போகிறது என்று அர்த்தம், அடுத்த மாத்திரைக்கு மணி பார்க்கும் நேரம் அது. கூட இருப்பவர் ராத்திரி ஒரு அலாரம் வைத்து எழுப்பி மாத்திரை கொடுத்துவிட வேண்டும். தூங்கட்டும் பாவம் என்று விட்டால் அவர் எழும்போது யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஒரே ஊசியில் நிற்காமல், கழுத்தில் மெல்லிய குழாயை விட்டுவைத்து, தானாகச் சுருங்கும் ரப்பர் பந்து பம்பில் இரண்டு மூன்று நாள் மருந்து சொட்டவிடும் முறையும் இருக்கிறது. ராத்திரி வலிக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் குழாய் நகரும், கசியும், விலையும் கூட. வீட்டுக்கு அனுப்புவதென்றால் நடுராத்திரியில் போனை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது இல்லாத இடத்தில் வார்டில் இருக்கும் வரைக்கும்தான் இது சரிப்படும்.

மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால், நெஞ்சு வலித்தால், விரல்கள் நீலம் பாய்ந்தால், காய்ச்சலோடு காயத்திலிருந்து சீழ் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய், "கழுத்துல நரம்பு ஊசி போட்டிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். பார்க்கும் டாக்டருக்கு அந்த ஒரு தகவல் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

"ஏனுங்க டாக்டர், கை எப்பத்தான் வருமுங்க?" என்ற கேள்விக்குப் பதில், பெரும்பாலும் மறுநாள் மதியத்துக்குள். அதற்குப் பிறகும் கட்டைவிரலிலோ தோளின் வெளிப்பக்கத்திலோ குறுகுறுப்பு சில நாள், சில வாரம்கூட நிற்பதுண்டு. அநேகமாகத் தானே போய்விடும். நீண்ட காலம் நிற்கும் நரம்புப் பாதிப்பு 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்குத்தான். அதிலும் கையை இழுத்துவைத்த நிலை, வீக்கம், கட்டு என்று ஆபரேஷன் தரப்பிலிருந்தும் காரணங்கள் உண்டு. 48 மணி நேரம் கடந்தும் கை அசையவில்லை என்றால், அல்லது வந்த பலம் திரும்பக் குறைகிறது என்றால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் நரம்பு எவ்வளவு கடத்துகிறது என்று மின்பரிசோதனை செய்வார்கள். பாதிப்பு முழுசாகத் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால் டாக்டர் அந்தச் சோதனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்.